மூன்று மில்லிமீட்டர் நகர்ந்த ஃபிக்ஸ்சர்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வெல்டிங் செல்லில், அதாவது ரோபோ வெல்டிங் செய்யும் இடத்தில், பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரைக் கழற்றி, ஒட்டியிருந்த ஸ்பேட்டரையெல்லாம் (வெல்டிங்கில் தெறிக்கும் உலோகத் துளிகளை) தட்டிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினார்கள். அதைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் டோவல் பின் ஒன்று தேய்ந்திருந்ததால் பழைய இடத்தில் உட்காராமல் ஒரு பக்கம் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டது. அந்த செல்லின் ப்ரோக்ராமை எழுதியது நான்தான். அதில் 140 பாயிண்ட்டுகள், அதாவது ரோபோ போய்ச் சேர வேண்டிய இடங்கள். எல்லாமே ரோபோவின் அடிப்பகுதியிலிருந்து அளந்த எண்கள், ஃபிக்ஸ்சர் என்று ஒன்று இருப்பதே அந்த ப்ரோக்ராமுக்குத் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு, ரோபோவைக் கையால் ஓட்டும் கருவியான பெண்டன்ட்டைக் கையில் எடுத்தேன், கடைசிப் பாயிண்ட்டைச் சரிசெய்து முடிக்கும்போது விடிந்திருந்தது.

இந்த வேலையைச் செய்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும், செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்டன்ட்டின் பின்பக்கம் ஒரு எனேபிள் சுவிட்ச் இருக்கும். அதற்கு மூன்று நிலைகள். நடு நிலையில் பிடித்திருந்தால்தான் மோட்டாருக்கு பவர் வரும், விட்டாலும் நின்றுவிடும், இறுக்கி அமுக்கினாலும் நின்றுவிடும், ஏனென்றால் பயந்துபோன மனிதர் கையை விட்டுவிடவும் செய்வார், இறுகப் பற்றிக்கொள்ளவும் செய்வார். அந்த நடு நிலையிலேயே விரல்களை வைத்துக்கொண்டு, மறு கையால், ரோபோவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் ஜாக் பட்டனைத் தட்டித் தட்டி, வெல்டிங் டார்ச்சின் கம்பி நுனியை இரண்டு தகடுகள் சேரும் மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். டார்ச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் சரியாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். திரும்பவும் தட்ட வேண்டும். சரியான பிறகு பொசிஷனைப் பதிவு செய்துவிட்டு அடுத்த பாயிண்ட். இப்படி 140 தடவை.

நாற்பதாவது பாயிண்ட்டுக்கு அருகில் வந்தபோது ஒன்று கவனித்தேன். எல்லாப் பாயிண்ட்டையும் நான் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே திசையில்தான் நகர்த்திக்கொண்டிருந்தேன். அதாவது மாறியது ஒரே ஒரு விஷயம், ஃபிக்ஸ்சர் இருக்கும் இடம். அந்த ஒரே விஷயத்தை 140 இடங்களில் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தேன். ஒரு உண்மை ஒரே இடத்தில் இருந்தால் ஒரே இடத்தில் திருத்தலாம். மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது பாலபாடம், ஆனால் ரோபோ ப்ரோக்ராம் என்று வந்தால் அனுபவசாலிகள்கூட அதை மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் பாயிண்ட் டீச் பண்ணுவது, அதாவது ரோபோவை அந்த இடத்துக்கே ஓட்டிப்போய்ப் பதிவு செய்வது, எழுதுவது மாதிரித் தெரியாது, காட்டிக்கொடுப்பது மாதிரித் தெரியும்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. முதல் தொழிற்சாலை ரோபோவான யூனிமேட் 1961இல் ஜெனரல் மோட்டார்ஸின் நியூஜெர்சி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, உருகிய உலோகத்தை அச்சில் வார்க்கும் டை காஸ்டிங் இயந்திரத்திலிருந்து சூடான பாகங்களை எடுப்பதுதான் அதன் வேலை. போக வேண்டிய இடங்களை ஒரு காந்த உருளையில் வரிசையாகப் பதிந்து வைத்திருந்தார்கள். ஜார்ஜ் டெவோல் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது சொன்ன யோசனையும் அதுதான், இயந்திரத்தையே மாற்றாமல் பதிவை மட்டும் மாற்றினால் வேறு வேலை செய்ய வேண்டும். ஒரே பாகம் வருடக்கணக்கில் ஓடும் இடத்தில் இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. 1960களின் இறுதியில் நார்வேயில் டிரால்ஃபா நிறுவனம் தன் தள்ளுவண்டிகளுக்கு பெயிண்ட் அடிக்கச் செய்த ரோபோவில், பெயிண்டர் ஒருவர் ரோபோவின் கையைப் பிடித்து ஓட்டிக்காட்ட, அந்த அசைவு முழுவதும் அப்படியே பதிவாகும். இன்றைக்கு மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் கோபாட் என்று விற்கும் ரோபோக்களைக் கையால் பிடித்து இழுத்து டீச் பண்ணுவதைப் புதுமையாகக் காட்டுகிறார்கள், அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

சொற்களால் ரோபோவை ஓட்டும் வழி 1970களில் வந்தது. பியூமா ரோபோவோடு வந்த வால் என்ற மொழியில் அப்ரோ, டிபார்ட் என்று இரண்டு கட்டளைகள் உண்டு. 'இந்தப் பாகத்துக்கு 50 மில்லிமீட்டர் முன்னால் வந்து நில்', 'பிடித்த பிறகு 50 மில்லிமீட்டர் பின்வாங்கு' என்று அர்த்தம். எனக்கு இது இன்றுவரை அழகான விஷயமாகத் தெரிகிறது. டீச் பண்ணிய பாயிண்ட்டாக இருந்தால் அந்த நெருங்கும் இடமும் ஒரு தனி எண்ணாக, ஏன் அங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் கிடக்கும். அப்ரோ என்று எழுதினால் அது பாகத்தைச் சார்ந்து நிற்கிறது, பாகம் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் ப்ரோக்ராமில் தங்குகிறது. வளைந்து கொடுக்கும் ப்ரோக்ராம் என்று நான் சொல்வது இதைத்தான். ரோபோவுக்கு ஆறு அச்சுகள் இருக்கின்றன, அது எங்கு வேண்டுமானாலும் போகும், அதனால் மட்டும் அந்த செல் வளைந்து கொடுக்கும் என்று ஆகிவிடாது. எது எதைச் சார்ந்து இருக்கிறது என்பதை ப்ரோக்ராம் அறிந்திருந்தால்தான், ஒன்று மாறும்போது மற்றது தானாக மாறும்.

சரி, நடைமுறையில் இதற்கு முதல் கருவி ஃப்ரேம், அதாவது ரோபோவின் அடிப்பகுதிக்குப் பதிலாக ஃபிக்ஸ்சரிலிருந்து இடங்களை அளக்கும் முறை. ரோபோவை இயக்கும் கணினியான கன்ட்ரோலர் எல்லாவற்றிலும் இருக்கிறது, பெயர்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஏபிபியில் வொர்க் ஆப்ஜெக்ட், கூக்காவில் பேஸ், ஃபனுக்கில் யூசர் ஃப்ரேம். ஃபிக்ஸ்சரில் மூன்று இடங்களைத் தொட்டுக்காட்டினால் போதும்: ஒன்று மூலப்புள்ளி, ஒன்று எக்ஸ் திசையில், ஒன்று அந்தத் தளத்தில். பாயிண்ட்டுகளை எல்லாம் இந்த ஃப்ரேமுக்குள் டீச் பண்ணியிருந்தால், ஃபிக்ஸ்சர் நகரும்போது அந்த மூன்றையும் திரும்பத் தொட்டாலே வேலை முடிந்தது.

இதில் பலரும் தவறும் ஒரு இடம் உண்டு. அந்த மூன்று இடங்களையும் அருகருகே எடுத்துவிடுவார்கள், அதுதான் கைக்கு வசதி. 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளை எடுத்து, தொடும்போது 0.2 மில்லிமீட்டர் பிசகினால், அந்தத் திசையில் வரும் கோணப் பிழை ஒரு மீட்டர் தள்ளிப் போகும்போது 2 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். அதனால் புள்ளிகள் எவ்வளவு தூரம் தள்ளியிருக்க முடியுமோ அவ்வளவு தள்ளியிருக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் ஃபிக்ஸ்சர் டிசைன் நடக்கும்போதே போய், இரண்டு ஓரங்களிலும் தொட்டு அளப்பதற்காகக் கூம்புக் குழி போட்ட மூன்று உலோக வளையங்கள் (ரெஃபரன்ஸ் புஷ்கள்) வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுகிறேன். டிசைனர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், ஒருமுறை ஃபிக்ஸ்சர் இடம் மாறிய பிறகு அவர்களே போட்டுத் தருவார்கள்.

டூலின் நுனியும் இதே கதைதான். கூரான ஒரு ஊசியை நிறுத்தி, நான்கு வெவ்வேறு கோணங்களில் டூல் நுனியால் அதைத் தொட்டால் கன்ட்ரோலர் நுனி எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். இது தப்பாக இருந்தாலும் ப்ரோக்ராம் ஓடும் என்பதுதான் ஆபத்து. பாயிண்ட்டுகளைக் கண்ணால் பார்த்து டீச் பண்ணியிருந்தால், டூல் நுனியின் பிழை ஒவ்வொரு பாயிண்ட்டுக்குள்ளும் ஒளிந்துகொள்ளும், வெளியே தெரியாது. ஃப்ரேமைத் திருப்பும்போதோ, அதே பாயிண்ட்டுக்கு வேறு கோணத்தில் வரும்போதோதான் அது தலைகாட்டும். 'ஃப்ரேம் மாற்றினோம், பாதி பாயிண்ட் சரியாக வந்தது, பாதி வரவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது டூல் நுனியைத்தான்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். ரோபோ வாங்கும்போது கேட்டலாகில் 0.03 மில்லிமீட்டர், 0.05 மில்லிமீட்டர் என்று ஒரு எண் இருக்கும். அது ஒரே இடத்துக்கு ஒரே வழியில் திரும்பத் திரும்ப வந்தால் எவ்வளவு சிதறும் என்பதன் அளவு. ஐஎஸ்ஓ 9283 என்ற தரநிலையில் இதற்கும், சொன்ன இடத்துக்கு உண்மையில் எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதற்கும் தனித்தனி சோதனைகள் இருக்கின்றன. இரண்டாவது எண்ணை கேட்டலாகில் பெரும்பாலும் காண முடியாது. தனியாக அளவுதிருத்தம் செய்யாத ரோபோக் கை ஒரு மில்லிமீட்டர்வரை, சில நிலைகளில் அதற்கு மேலும் தள்ளி நிற்கும்.

கையால் டீச் பண்ணும்வரை இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. கண்ணால் பார்த்துச் சரியான இடத்தில் நிறுத்தி, 'இங்கே வா' என்கிறோம், ரோபோ தான் எங்கே இருப்பதாக நினைக்கிறது என்பது தப்பாக இருந்தாலும் அதே தப்போடு அதே இடத்துக்கு வந்து நிற்கும். ஆனால் எண்ணைக் கணக்கிட்டுக் கொடுக்கும் நிமிடத்திலிருந்து, அது கேமராவிலிருந்து வந்த எண்ணாக இருந்தாலும் சிமுலேஷனிலிருந்து வந்த எண்ணாக இருந்தாலும், அந்த 0.03ஐ நம்ப முடியாது, ஒரு மில்லிமீட்டர் பிழைதான் நம் கையில் நிற்கும். வளைந்து கொடுக்கும் ப்ரோக்ராமிங் என்பதே டீச் பண்ணுவதிலிருந்து கணக்கிடுவதை நோக்கிப் போவதுதான், அதனால் இந்த மாற்றத்தின் விலையைத் தெரிந்துகொள்ளாமல் அதில் இறங்கக் கூடாது. ஆஃப்லைனில், அதாவது கணினித் திரையில், அழகாக ஓடிய ப்ரோக்ராம் உற்பத்தி லைனில் இறங்கியதும் எல்லாப் பாயிண்ட்டையும் கையால் திருத்த வேண்டி வந்தால், பலர் மென்பொருளைக் குறை சொல்கிறார்கள். மென்பொருள் சரியான எண்ணைத்தான் கொடுத்திருக்கும். ரோபோவின் கைதான் அந்த எண்ணுக்குச் சரியாகப் போகவில்லை.

ஏன் போகவில்லை? கையின் ஒவ்வொரு இணைப்புத் துண்டின் நீளமும் வரைபடத்தில் உள்ளதிலிருந்து கொஞ்சம் வித்தியாசப்படும். கியர்பாக்ஸ்கள் பாரத்தில் சற்று முறுக்கிக்கொள்ளும். கை நீட்டும்போது தன் எடையிலேயே தொய்யும். அப்புறம் சூடு. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.023 மில்லிமீட்டர் நீளும், பத்து டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் நீளத்தில் 0.23 மில்லிமீட்டர் போய்விட்டது. காலையில் முதல் பாகம் ஒரு மாதிரியும் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு வேறு மாதிரியும் வருகிறது என்று ஆபரேட்டர் சொன்னால், அவர் கற்பனை செய்யவில்லை.

இதற்கு லேசர் டிராக்கர் வைத்து கையை அளந்து, கன்ட்ரோலரில் இணைப்பு அளவுகளைத் திருத்துவது ஒரு வழி, பெரிய வேலைகளுக்கு அது தேவைதான். என் வேலைகளில் பெரும்பாலும் உதவியது இன்னும் எளிமையானது: வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே அளப்பது. ரோபோவின் பிழை இடத்துக்கு இடம் மாறும், ஆனால் அருகருகே இருக்கும் இரண்டு இடங்களில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அதனால் ஒரு பெரிய ஃப்ரேமை வைத்து ஒன்றரை மீட்டர் ஃபிக்ஸ்சர் முழுவதையும் நம்புவதைவிட, அதை நான்கு சிறிய ஃப்ரேம்களாகப் பிரித்தால் பிழை சட்டென்று குறைகிறது. கேமரா வைத்தாலும் இதே நியாயம்தான். பாகத்தின் முழு இடத்தையும் கேமரா சொல்ல வேண்டும் என்று நான் கேட்பதில்லை, மாஸ்டர் பாகம் இருந்த இடத்திலிருந்து இது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற வித்தியாசத்தை மட்டும் கேட்கிறேன். பெரும்பாலான நிலையான பிழைகள் அந்தக் கழித்தலிலேயே போய்விடுகின்றன.

ஃப்ரேம் நகரும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டீச் பண்ணிய இடத்தில் ரோபோ வசதியாக எட்டியது, 80 மில்லிமீட்டர் தள்ளிய பிறகும் எட்டுமா? ஐந்தாவது அச்சு பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் நான்காவதும் ஆறாவதும் ஒரே கோட்டில் வந்து, நேர்கோட்டில் போகச் சொன்ன கை அங்கே மணிக்கட்டைத் தாறுமாறான வேகத்தில் சுழற்றப் பார்க்கும், கன்ட்ரோலர் அலாரம் போட்டு நிறுத்திவிடும். அதனால் மாற்றம் எவ்வளவு தூரம்வரை வரலாம் என்று முதலிலேயே முடிவு செய்து, அந்த எல்லையின் நான்கு மூலைகளிலும் சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, பாகத்தின் வகைகள். பெட்டிகளை பேலட்டில் அடுக்கும் ஒரு பேலட்டைசிங் செல்லில் மூன்று வகைப் பெட்டிகளோடு ஆரம்பித்தோம். வகைக்கு ஒரு ப்ரோக்ராம். நான்காவது வகை வந்தபோது மூன்றாவதை காப்பி எடுத்து எண்களை மாற்றினோம், வேலை அரை நாளில் முடிந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. பதினொன்றாவது வகை வந்தபோது பதினோரு ப்ரோக்ராம்கள் இருந்தன. பெட்டியை உறிஞ்சிப் பிடிக்கும் கிரிப்பரின் வேக்கம் சென்சரைச் சரிபார்க்கும் வரியில் ஒரு தப்பு இருந்ததை ஏழில் திருத்தியிருந்தோம், நான்கில் திருத்தவில்லை, அந்த நான்கில் ஒன்று ஓடிய நாளில்தான் பெட்டி கீழே விழுந்தது. அதன் பிறகு எல்லாவற்றையும் ஒரே ரொட்டீனாக ஆக்கினேன். பெட்டியின் நீளம், அகலம், உயரம், எடை, அடுக்கும் முறை, எத்தனை வேக்கம் கப் திறக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் போகலாம், எல்லாம் ஒரு ரெசிபி வரிசையில். அசைவு ஒரு இடத்தில், தகவல் வேறு இடத்தில். பன்னிரண்டாவது வகைக்கு ப்ரோக்ராமை நான் தொடவே இல்லை.

ரெசிபி என்று வந்துவிட்டால், செல் முழுவதையும் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி.க்கும் ரோபோவுக்கும் நடுவில் ஒரு சின்ன ஒழுங்கு தேவை. பி.எல்.சி. வகை எண்ணை அனுப்பும். ரோபோ அதே எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று பி.எல்.சி. பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய ஐந்தாறு வரிகள்தான் ஆகும். செய்யாமல் விட்டால் என்றாவது ஒருநாள் எண் மாறுவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் வந்து, பெரிய பெட்டிக்குச் சின்னப் பெட்டியின் அசைவு ஓடும்.

ஆபரேட்டர் மாற்றக்கூடிய ஒவ்வொரு எண்ணுக்கும் எல்லை வைப்பதும் அப்படித்தான். ஒரு இடத்தில் உயரத் திருத்தமாக 1.5 போட வேண்டியவர் அவசரத்தில் 15 என்று அடித்துவிட்டார், டூல் நேராக மேசையில் இறங்கியது. அந்த மனிதரைத் திட்டினார்கள். என் கணக்கில் தப்பு ப்ரோக்ராம் எழுதியவருடையது. அந்தத் திருத்தத்தின் நியாயமான அளவு 2 மில்லிமீட்டருக்குள்தான் என்று எழுதும்போதே தெரியும், அதற்கு மேல் போனால் ஏற்காதே என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம்விட நேரத்தை விழுங்குவது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. நடுவில் நின்றுபோன ரோபோ வீட்டுக்கு, அதாவது ஹோம் என்ற ஆரம்ப நிலைக்கு, திரும்புவது. பிரஸ் இயந்திரத்துக்குள் ரோபோ கை நீட்டியிருக்கும்போது யாரோ லைட் கர்ட்டனை, ஆள் குறுக்கே வந்தால் செல்லை நிறுத்தும் ஒளித் திரையை, கடந்துவிட்டார்கள், செல் நின்றுவிட்டது, யாரோ ஜாக் பண்ணிக் கொஞ்சம் நகர்த்தியும் விட்டார்கள். இப்போது ஆபரேட்டர் ஹோம் பட்டனை அமுக்குகிறார். நேராக ஹோமுக்குக் கிளம்பினால் பிரஸ்ஸின் தூணில் இடிக்கும். அதனால் ரோபோ இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறது, கையில் பாகம் இருக்கிறதா, உள்ளேயிருந்து எந்தத் திசையில் வெளியே வர வேண்டும் என்பதை ப்ரோக்ராம் தன் நிலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். என் ப்ரோக்ராம்களில் பாதிக்கு மேற்பட்ட வரிகள் இதற்காகத்தான் இருக்கின்றன. வகைகளும் ஃப்ரேம்களும் பெருகப் பெருக இந்தப் பகுதிதான் சிக்கலாகிறது, அதனால் நான் இப்போது எந்த செல்லிலும் முதலில் எழுதுவது ஹோம் ரொட்டீன்தான். அது சுலபமாக வராவிட்டால் செல்லின் அமைப்பிலேயே ஏதோ தப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மொழிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏபிபிக்கு ரேபிட், கூக்காவுக்கு கேஆர்எல், ஃபனுக்குக்கு டிபியும் காரெலும், யாஸ்காவாவுக்கு இன்ஃபார்ம். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு வரிக்கு வரி மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் மூலை திரும்பும் இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ரேபிட்டில் ஸெட் 10 என்றால் பாயிண்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் முன்னால் வளையத் தொடங்கு என்று ஒரு தூரம். ஃபனுக்கில் சிஎன்டி 50 என்பது தூரம் கிடையாது, ஒரு அளவுகோலில் ஒரு எண், வேகத்தை மாற்றினால் அந்த வளைவும் மாறும். மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது இடிக்காத மூலை முழு வேகத்தில் இடிப்பதும், அதற்கு நேர்மாறாக நடப்பதும் இதனால்தான். சோதனையை ஓட்டப்போகும் வேகத்திலேயே முடிக்க வேண்டும், படிப்படியாக ஏற்றித்தான், ஆனால் கடைசிவரை ஏற்றி.

இந்த மொழிச் சிதறலுக்கு ஒரு பொதுத்தளம் வேண்டும் என்று 2012இல் ராஸ் இண்டஸ்ட்ரியல் என்ற திறந்த மென்பொருள் திட்டம் தொடங்கியது, சவுத்வெஸ்ட் ரிசர்ச் இன்ஸ்டிடியூட், யாஸ்காவா, வில்லோ கராஜ் மூவரும் சேர்ந்து. எனக்கு அது பிடித்திருக்கிறது, சில வேலைகளுக்கு அது இல்லாமல் முடிந்தே இருக்காது. ஒரே மாதிரி இரண்டு பாகம் வராத, கேமரா பார்த்துப் பாதையைப் புதிதாகப் போட வேண்டிய மணல் தேய்ப்பு, பெயிண்ட், பாலிஷ் போன்ற இடங்களில் டீச் பண்ணுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பாதையைத் தேடும் பல அல்காரிதங்கள் தற்செயலாகப் புள்ளிகளைத் தூவித்தான் வழி கண்டுபிடிக்கின்றன, அதனால் அதே இரண்டு இடங்களுக்கு நடுவில் ஒருமுறை இப்படியும் மறுமுறை அப்படியும் போகும். லைனில் பக்கத்தில் நின்று வேலை செய்பவருக்கு இது பெரிய கலக்கம். ரோபோ அடுத்து எங்கே போகும் என்று தெரிந்திருப்பதுதான் அவர் அதை நம்புவதற்குக் காரணம். அதனால் முடிந்த இடங்களிலெல்லாம் பாதையை முன்கூட்டியே கணக்கிட்டு, பார்த்து, ஒத்துக்கொண்டு, சேமித்து வைத்துவிடுகிறேன், ஓடும்போது சேமித்த பாதையின் கடைசித் துண்டை மட்டும் சென்சர் திருத்தும்.

வெளியிலிருந்து கன்ட்ரோலருக்கு நேரடியாகத் திருத்தம் அனுப்பும் வழிகள் இப்போது பல நிறுவனங்களிடம் உண்டு, ஏபிபியின் இஜிஎம், கூக்காவின் ஆர்எஸ்ஐ இரண்டிலும் 4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைவரை அனுப்பலாம். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் 4 மில்லிசெகண்ட் என்றால் ஒவ்வொரு 4 மில்லிசெகண்டுக்கும் தவறாமல் என்று அர்த்தம். கணினி வேறு ஏதோ வேலையில் கொஞ்ச நேரம் மூழ்கினாலும் கை அதிரும் அல்லது ரோபோ நின்றுவிடும். கன்ட்ரோலருக்குள்ளேயே செய்ய முடிவதை வெளியே கொண்டுபோகாதீர்கள் என்றுதான் புதிதாக வருபவர்களிடம் சொல்கிறேன்.

விசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். இறுக்கமான ஒரு பேரிங்கை ஹவுசிங்குக்குள் இறக்க வேண்டும், இடைவெளி 20 மைக்ரான் (0.02 மில்லிமீட்டர்) என்றால், 30 மைக்ரான் சிதறும் கையால் இடத்தை மட்டும் நம்பி அதைச் செய்யவே முடியாது. இடத்தையும் விசையையும் திசைவாரியாகப் பிரித்துக் கட்டுப்படுத்துவதை ரைபர்ட்டும் கிரெய்க்கும் 1981இல் எழுதினார்கள், கையை ஒரு ஸ்பிரிங் மாதிரி நடந்துகொள்ளச் செய்யும் இம்பீடன்ஸ் கன்ட்ரோலை ஹோகன் 1985இல் முன்வைத்தார். இன்றைக்கு ரோபோவின் மணிக்கட்டில் ஒரு விசை சென்சரை மாட்டி, மெல்ல அழுத்தியபடி சின்னச் சுருள் வட்டமாகத் தேடச் சொன்னால், பேரிங் ஓரத்தில் உரசி உரசி, ஒரு கட்டத்தில் விசை சட்டென்று விழும், துளை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். முதல் தடவை அந்த கிராஃபைப் பார்த்தபோது நான் கை தட்டினேன். ஆனால் இதே வேலையை ஆர்சிசி என்ற ஒரு சின்ன உருப்படி, கிரிப்பருக்கு மேலே மாட்டிய சில ரப்பர் தூண்கள், 1970களிலிருந்தே மின்சாரமோ ப்ரோக்ராமோ இல்லாமல் செய்துவருகிறது. வளையும் மையம் பாகத்தின் நுனியில் வருமாறு அதை அமைத்திருக்கிறார்கள், அதனால் பாகம் துளையின் விளிம்பில் மோதினால் சாயாமல் பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போகும். விலை குறைவு, வேகம் அதிகம். சென்சருக்கு முன்னால் அதை முயன்று பார்க்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை.

பாதுகாப்பும் இதற்குள்ளேதான் வருகிறது. ஐஎஸ்ஓ 10218 கையால் ஓட்டும்போது டூல் நுனி வேகத்தை நொடிக்கு 250 மில்லிமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறது, எல்லோருக்கும் தெரியும். மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக்களுக்கு 2016இல் ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 வந்தது. ஆனால் வகைகளைச் சுலபமாக மாற்றும் செல்லில், புதிய வகை வரும்போது அபாய மதிப்பீடும் மாறுகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. மழுங்கிய விளிம்புள்ள பெட்டிக்குச் சரி என்று முடிவான வேகம், கூரான தகடுக்குச் சரியாகாது. ரெசிபியில் ஒரு வரி சேர்ப்பது சுலபமாக இருப்பதாலேயே அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். என் ரெசிபிகளில் பாதுகாப்பு மதிப்பீடு முடிந்ததா என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் அந்த வகை ஆட்டோ மோடில், அதாவது தானியங்கியாக, ஓடாது.

எல்லா இடத்திலும் இப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே பாகம், ஆறு வருடம், ஃபிக்ஸ்சர் தரையோடு கலவை ஊற்றி கிரவுட் பண்ணியிருக்கிறது என்றால் இருபது பாயிண்ட்டை டீச் பண்ணிவிட்டுப் போய்விடலாம். ஒவ்வொரு வேரியபிளும் யாரோ தப்பாக நிரப்பக்கூடிய ஒரு இடம். ஒரு பொறியாளர் எதிர்காலத்தில் தேவைப்படலாம் என்று நாற்பது பாராமீட்டர்களோடு, பாகத்தை எடுக்கும் ஒரு ரொட்டீன் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன், அதில் முப்பத்தைந்து எப்போதும் பூஜ்யம்தான், அதை மாற்ற அவரைத் தவிர யாருக்கும் தைரியம் வரவில்லை. மாறும் என்று தெரிந்ததை மட்டும் வெளியே எடுங்கள். வேலை தொடங்கும்போது நான் லைனில் இருப்பவர்களிடம் கேட்பது ஒரே கேள்வி: கடந்த வருடம் இங்கே எதையெல்லாம் மாற்றினீர்கள்? மேலதிகாரிகள் சொல்லும் பதிலும் ஷிஃப்ட் ஆட்கள் சொல்லும் பதிலும் ஒன்றாக இருந்ததே இல்லை. நான் ஷிஃப்ட் ஆட்கள் சொல்வதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

இப்போது என் மேசையில் இருப்பது ஒரு ரப்பர் கேஸ்கெட். ஒரு கவரின் பள்ளத்துக்குள் அதைச் சுற்றிலும் பதிக்க வேண்டும், கவரில் ஐந்து வகை. இதுவரை சொன்ன எதுவும் இதற்கு நேராகப் பொருந்தவில்லை, ஏனென்றால் பிடித்துத் தூக்கியதும் அதன் வடிவமே மாறிவிடுகிறது, எந்த இடத்தில் ஃப்ரேம் வைப்பது? தற்போதைக்கு ஃப்ரேமைப் பள்ளத்தோடு கட்டிவைத்துவிட்டு, கேஸ்கெட்டை ஒரு மூலையில் மட்டும் பிடித்து, அங்கே அழுத்திப் பதித்த பிறகு ஒரு உருளையால் 12 நியூட்டன் விசையோடு பள்ளத்தின் வழியே ஓட்டிப் பார்க்கிறேன். நேரான பக்கங்களில் நன்றாக உட்காருகிறது. மூலைகளில் ரப்பர் இழுபட்டு, கடைசி மூலைக்கு வரும்போது 4 மில்லிமீட்டர் குறைகிறது. நான்கு மூலைகளையும் முதலில் பதித்துவிட்டு, பிறகு பக்கங்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டினால் சரியாகுமா என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.